ஓர்ஃபா ஸ்டக்கியின் இடது கால்

பெரிய வியாழன் இரவு.
கான்சஸில் இன்னும் குளிர் போகவில்லை.
கோதுமை கணுக்கால் உயரம்.
வயல் நடுவே எங்கள் வெள்ளைச் சபைக் கட்டடம்;
நிலவறையில் ஆண்களுக்கு ஓர் அறை,
பெண்களுக்கு ஓர் அறை,
பிளாஸ்டிக் தொட்டிகள் ஆறு,
வெர்னா கோரிங் வீட்டுச் சோப்பு மணக்கும் துவாலைகள்.

இருவர் இருவராக உட்காருங்கள் என்றார்கள்.
டோரிஸைத் தேடிக்கொண்டு கதவருகே நின்றேன்.
டோரிஸுக்குக் காய்ச்சலாம்.
மிச்சமிருந்தது ஒரே நாற்காலி.
அதற்கு எதிரே ஓர்ஃபா,
ஒரு காலுறையைக் கழற்றிவிட்டு
மற்றதோடு போராடிக்கொண்டு.

ஜனவரியில், சபைக் கூட்டத்தில்,
எழுந்து நின்றவள் அவள்.
கையில் காகிதம்கூட இல்லை.
என் மகள் ஆனலீஸும் அவள் மணக்கவிருக்கும் பெண்ணும்
இந்த மேடை முன் நிற்கக்கூடாது என்றாள்.
பெயர் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.
‘இப்படிப்பட்ட காரியம்’ என்றாள்.
ஞாயிறு பள்ளியில் ஆனலீஸுக்கு
களிமண்ணில் ஒட்டகம் பிடிக்கக் கற்றுத்தந்த அதே வாய்.
ஐம்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
இரண்டு முறை எண்ணினார்கள்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை.
போன தேர்தலில் அவள் வாசலில் பலகை நட்டாள்.
அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி
சாலை திரும்பும் இடத்தில் நட்டேன்,
அவள் சமையலறை ஜன்னலுக்கு நேராக.
அளந்து பார்த்துத்தான் நட்டேன்.
போர்வை தைக்கும் குழுவின் தொலைபேசிப் பட்டியலைத்
திரும்பத் தட்டச்சு செய்தபோது
அவள் எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போனது.
தவறிப்போனது என்றுதான்
எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் அவள் மண்டியிட்டாள்.
முழங்கால் சுள்ளி முறிவதுபோல் சத்தமிட்டது.
என் பாதத்தை, கோழிமுட்டையை வாங்குவதுபோல்,
கையில் வாங்கி நீர் வார்த்தாள்.
எனக்குக் கூச்சம். அதற்கு மேல் கோபம்.
இவ்வளவு மெதுவாகச் செய்யாதே
என்று நாக்கின் நுனிவரை வந்தது.
விரலிடுக்குகளை விடாமல் துடைத்தாள்.

பிறகு என் முறை.
தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
ஓர்ஃபாவின் இடது கால்:
பெருவிரல் நகம் கறுத்திருந்தது,
பிப்ரவரியில் கொட்டகைக் கதவு விழுந்ததாம்.
பிப்ரவரியில் எங்களுக்குள் பேச்சில்லை.
குதிகால் வெடிப்பில் காலுறையின் நீல நூல்.
கணுக்காலில் வீக்கம்;
விரல் வைத்தால் குழி விழுந்து,
யோசித்து யோசித்து மேலெழும் வீக்கம்.
முப்பது வருடம் செவிலியாக இருந்தவள் நான்.
அது என்ன சொல்கிறது என்று தெரியும்.

‘டாக்டரைப் பார்த்தாயா?’
மூன்று மாதத்தில் என் முதல் வாக்கியம்.
‘அறுவடை முடியட்டும்.’
‘அறுவடைக்கு ஜூன் ஆகும்.’
‘தெரியும்.’

நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
விலகும்.
இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே
எங்களிலிருந்து எழுந்துபோன சபைகள் மூன்று:
ஒன்று சட்டைப் பொத்தானுக்காக,
ஒன்று ஜெர்மன் மொழிக்காக,
ஒன்று எதற்காக என்று யாருக்கும் ஞாபகமில்லை.
கல்லறைத் தோட்டம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.
அங்கே வேலி கட்டப் பணம் போதவில்லை.

பரிசுத்த முத்தம், வழக்கப்படி, கன்னத்தில்.
அவள் கன்னம் ஈரமாக இருந்தது.
தொட்டித் தண்ணீராக இருக்கலாம்.
‘உன் மகளுக்காக ஜெபிக்கிறேன்’ என்றாள்.
எந்த மாதிரி ஜெபம் என்று எனக்குத் தெரியும்.
‘நானும் உனக்காக’ என்றேன்.
அவளுக்கும் தெரிந்திருக்கும்.
இரண்டும் ஒரே கூரை வழியாக மேலே போயிருக்கும்,
வழியில் ஒன்றையொன்று பார்த்தும் பாராததுபோல்.

திருமணம் ஜூனில், விச்சிட்டாவில், ஒரு பூங்காவில்.
ஓர்ஃபா வரமாட்டாள். நான் அழைக்கவும் இல்லை.
செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு
என் காரில் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.
சாலைத் திருப்பத்தில் பலகை அப்படியேதான் நிற்கிறது;
பிடுங்க மனம் வரவில்லை.
இருபத்தாறு மைல்.
வானொலியில் அவள் நிலையம் வேறு, என் நிலையம் வேறு.
வானிலை அறிக்கை வரும்வரை
அணைத்தே வைப்பேன்.